இரண்டு மாப்பிள்ளைக்கு ஒரு ட்ரோன்

என் மனைவியின் தம்பி வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு ட்ரோன் கொண்டுவந்தான். ஒன்றே ஒன்று. அவனுக்கு அக்காக்கள் இரண்டு பேர், அக்கா வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். எங்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, ஒரே அளவில் சென்ட் பாட்டில், ஒரே மாதிரி டார்ச் லைட் என்று பார்த்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கு ட்ரோனை மட்டும் இரண்டாக வாங்கத் தோன்றவில்லை. பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வெச்சிக்குங்க மச்சான்" என்றான்.

மாமனார்தான் வாயைத் திறந்தார். மாகறலில் ஆற்றோரம் காலமெல்லாம் பயிர் வைத்தவர். பங்குக் கிணற்றில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுத் தண்ணீர் இறைப்பார்கள் இல்லையா, அதே தீர்ப்பைத்தான் ட்ரோனுக்கும் சொன்னார்.

"இன்னா இப்போ? ஒரு வாரம் மூத்தவரு, ஒரு வாரம் சின்னவரு. ஞாயித்துக்கெழமை காலைல கைமாத்திக்குங்க. முடிஞ்சிதா?"

நாங்களும் தலையை ஆட்டினோம். மாமனார் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்?

மூத்த மாப்பிள்ளை நான். காவாந்தண்டலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறேன். இளையவன், என் சகலை, உத்திரமேரூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். என்னைவிட ஏழு வயது சின்னவன். நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழே நிற்கிறவன், சட்டை கசங்காது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுடைய முட்டி வலியை விசாரிப்பான். எனக்கு அது வராது. நான் நலம் விசாரித்தால் சண்டைக்கு வந்தது மாதிரி இருக்கிறது என்று என் மனைவியே சொல்வாள். அவன்மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

ட்ரோன் வந்த முதல் வாரம் என்னுடையது. மூன்றாவது தடவை பறக்கவிட்டபோதே அதைக் கொண்டுபோய் வேலிகாத்தான் முள்ளில் செருகினேன். இரண்டாவது வாரம் அவனுடையது. உத்திரமேரூர் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு விட்டு, தண்ணீர், கரை, அந்தப் பக்கம் பச்சை வயல் என்று ஒரு வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அதற்குள் வெளிநாடு திரும்பியிருந்த மச்சான் அங்கிருந்து ஐந்து நிமிடம் நீளத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். மாமியாருக்குப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அடுத்த வாரம் நான் எங்கள் வேர்க்கடலைக் காட்டை எடுத்துப் போட்டேன். என் மனைவி மட்டும் கட்டைவிரல் போட்டாள். அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்.

பறக்கவிடுவதில் அவனை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோனது. ஆனால் ட்ரோன் வாரத்தில் எவ்வளவு நேரம் பறக்கிறது? ஒரு பேட்டரிக்குக் கால் மணி நேரம். இரண்டு பேட்டரி இருந்தது. தினமும் விட்டாலும் அரை மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் அது பீரோமேல் கிடக்கிறது. அந்த மிச்ச நேரத்தில் அவனை ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். என் கையிலிருந்து போகிற ட்ரோன், என் கைக்கு வந்ததைவிட சுத்தமாக இருக்க வேண்டும். அவன் அதைத் திறந்ததும் முகம் சுருங்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

எங்கள் வீட்டில் ஒரு பொருளைச் சுத்தமாக வைப்பது சாதாரண வேலை இல்லை. அறுப்புக் காலத்தில் நெல் சுணை காற்றிலேயே மிதக்கும். அது நாலு மோட்டார்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு தடவை பறந்து இறங்கியதும், பேட்டரியைக் கழற்றி ஆறவைத்துவிட்டு, மோட்டாரை ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்ப்பேன். மண் ஏதாவது இருந்தால் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் நறநறவென்று கேட்கும். பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுக்க வேண்டும். இறக்கைகளின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். சின்ன வெட்டு இருந்தாலும் நகம் தடுக்கும். கேமரா கண்ணாடிக்கு என் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி. உடம்புக்குப் பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துணி, லேசாக ஈரம் பண்ணி, ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒருமுறை பைக்குள் சிற்றெறும்பு ஏறிவிட்டது. பையை மொத்தமாகக் கொட்டி வெயிலில் காயவைத்து, பீரோ கால் நாலுக்கும் அடியில் எறும்பு சாக்பீஸ் கோடு போட்டேன்.

முள்ளில் மாட்டி எடுத்த பிறகு திசை காட்டுகிற கணக்கு தப்பிவிட்டது. அதைச் சரி பண்ண ட்ரோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும், அப்புறம் மூக்கு மேலே பார்க்கப் பிடித்து இன்னொரு சுற்று. களத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, ட்ரோனுக்கு சுத்திப் போட்டுக்கினு கீறீங்க?"

"திசை சரி பண்றேன். நீ உன் வேலையப் பாரு."

"எனக்கு ஜொரம் வந்தப்ப ஒரு தபா சுத்திப் போட்டிருப்பீங்களா? சொல்லுங்க."

டிராக்டர் பக்கத்திலேயே நின்று சுற்றியதால் இரும்பு இழுத்து மறுபடி தப்பாகவே காட்டியது. நடு வயலுக்குப் போய் இன்னொரு முறை சுற்றினேன். அங்கிருந்தும் அவள் சிரிப்பது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்புலிவனம் மெயின் ரோட்டு டீக்கடையில் கைமாற்றுவோம். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற இடம். டீ சொல்லிவிட்டு அவன் பையைத் திறந்து பார்ப்பான். இறக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பான். நானும் என் முறை வாங்கும்போது அதையே செய்வேன். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"அயகா வெச்சிக்கீற அண்ணே," என்பான். அதில் எத்தனை கிண்டல், எத்தனை நிஜம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவன் கையிலிருந்து வரும்போது அது இன்னும் பளிச்சென்று இருக்கும். கடையில் காற்று ஊதுகிற மெஷின் வைத்திருக்கிறான். ஒரு நிமிடம் ஊதினால் என் அரை நாள் வேலை முடிந்தது. அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் சமம். எங்கள் பக்கத்தில் ஒருவர் குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் போகும். வெறும் பாத்திரம் வந்தால் மனஸ்தாபம் என்று அர்த்தம். பேட்டரியையும் நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் சார்ஜில் போட்டு, நாலு விளக்கும் எரிகிறதா என்று பார்த்து, முழுசாகத்தான் கொடுப்போம். அரைகுறையாகக் கொடுத்தால் அவன் வீட்டில் என்னை என்ன நினைப்பார்கள்?

ஆனால் பாத்திரத்துக்கு ஆகிறது பேட்டரிக்கு ஆகாது. பறக்காமல் சும்மா கிடக்கிற நாட்களில் அதில் பாதிதான் இருக்க வேண்டுமாம். முழுசாக ஏற்றி நாள் கணக்கில் வைத்தால் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகுமாம். சூட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் பீரோவுக்கு மேலே தகரக் கூரை. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகத்தில் பொடி இங்கிலீஷ் எழுத்தில் எல்லாம் போட்டிருந்தது. பிறகுதான் ஆள் வைத்துப் படித்தேன். நாள் முழுக்க ஒயரும் சுவிட்சும் விற்கிறவன், அவனும் அதைப் படிக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மாகறல் வீட்டு வாசலிலேயே பந்தல். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரும். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. "ட்ரோன்ல எல்லாத்தையும் எடுத்து அனுப்புங்க, நான் இங்கேர்ந்து பாத்துக்கிறேன்" என்று குழுவில் எழுதினான். அதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அத்தனை சொந்தக்காரர்களும் அண்ணாந்து பார்க்கிற அன்றைக்கு ரிமோட் என் கையில் இருக்க வேண்டும்.

நாள் எண்ணிப் பார்த்தேன். விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் என் முறை. ஞாயிறு காலை ஏழு மணிக்கே கைமாறிவிடும். முகூர்த்தம் பத்து மணிக்கு. மூன்று மணி நேரத்தில் எனக்குத் தவறுகிறது.

வழக்கமான கைமாற்றலில் டீக்கடையில் வைத்தே கேட்டேன். அப்போது அவன் எனக்குத் தருகிற முறை.

"சகல, அடுத்த ஞாயித்துக்கெழம மட்டும் நானே வெச்சிக்கினு திங்கக்கெழம தரட்டுமா?"

அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். "எனக்கு இன்னா அண்ணே. ஆனா மாமா என்னைத்தான் ஓட்டச் சொல்லிக்கீறாரு. நீயே கேட்டுப் பாரேன்."

"மாமா எப்போ சொன்னாரு?"

"முந்தாநாளு கடைக்கு வந்திருந்தாரு. ஒரு ட்யூப் லைட் வேணும்னு."

மாமனார் உத்திரமேரூர் போனவர், அவன் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறார். வழியில் இருக்கிற என் வீட்டில் இறங்கவில்லை. நான் மாமனாரிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டு, அவரும் "சின்னவரே ஓட்டட்டும் மாப்ளே" என்று சொல்லிவிட்டால் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பையைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு அறுப்பு. மெஷின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அதன் பின்னாலேயே அலைந்ததில் ட்ரோனை ஒருநாள்கூடப் பறக்கவிடவில்லை. பையைத் திறக்கவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் எடுத்துத் துடைக்க உட்கார்ந்தேன். கோபத்திலேயே துடைத்தேன். அவன் ஓட்டுவதற்கு நான் துடைக்கிறேன் என்ற கோபம். மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ணிவிடுகிற வேலை எனக்கு.

பேட்டரி ஒன்றை டைல்ஸ் தரையில் வைத்தேன். அது ஆடியது.

எடுத்துத் திருப்பி வைத்தேன். மறுபடி ஆடியது. விரலால் ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பியது. கல்லில் போட்ட சப்பாத்தி மாதிரி நடுவில் உப்பியிருந்தது. ட்ரோனுக்குள் செருகிப் பார்த்தேன். இறுக்கமாக உள்ளே போனது, வெளியே எடுக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் ஒருவருடைய போன் பேட்டரி இப்படி ஊதி, மூடியையே தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். புகையும், எரியும், நடுவில் திடீரென்று நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே பொய் எழுத நான் வரவில்லை.

என் வாரத்தில் ஊதியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். சொன்னால் என் தலையில் விழும். "அவரு காட்டு வேல செய்றவரு, அவருக்கு இன்னா தெரியும்" என்பார்கள். சொல்லாமல் இருந்தால்? மாமனார், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவன் கையில் ரிமோட் இருக்கும்போது, அது நடுவானத்தில் நின்று தொப்பென்று விழும். வேலிகாத்தான் முள்ளில் விழட்டும். என்னுடையது அங்கேதானே விழுந்தது? அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேட்டரியையும் எடுத்துத் துடைத்து, பைக்குள் அதனதன் இடத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன். கெட்டதைச் சார்ஜில் போடப் பயமாக இருந்தது, போடவில்லை. அதில் ஏற்கனவே மூன்று விளக்கு எரிந்தது. நல்லதை மட்டும் முழுசாக ஏற்றினேன்.

காலையில் மாகறலில் பந்தல் வாசலிலேயே கொடுத்தேன். அவன் அன்றைக்குப் பைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. "அண்ணன் கையால வந்தா பாக்கவே வேணாம்" என்று தோளில் மாட்டிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ரொம்ப அசிங்கமான சந்தோஷம்.

முகூர்த்த நேரத்தில் அவன் நல்ல பேட்டரியைப் போட்டுத்தான் ஏற்றினான். எனக்குத் தெரியும், அடையாளத்துக்கு அதில் நான் முன்பே நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். ட்ரோன் பந்தலைத் தாண்டிப் போய், தென்னை உயரத்துக்கு ஏறி, ஆற்றுப் பக்கம் திரும்பி வந்தது. கலசத் தண்ணீர் ஊற்றும்போது சரியாகத் தலைக்கு மேலே நின்றது. நாதஸ்வரக்காரர்கூட ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டுதான் வாசித்தார். "சின்ன மாப்ள இன்னாமா ஓட்டுறாரு பாரு!" என்று என் மாமனாரின் தங்கை என்னிடமே சொன்னார். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாலி கட்டி முடிந்ததும் அவன் இறக்கினான். அடுத்தது மாலை மாற்றல். "இன்னொரு தபா வுடுங்க மாப்ளே, மால மாத்துறதத்தான் பையன் போன்ல கேட்டுக்கினே இருந்தான்" என்று மாமனார் மேடையிலிருந்தே சொன்னார். ஜனம் மேடையைச் சுற்றி நெருங்கிவிட்டது. பேரப் பிள்ளைகளை எல்லாம் மாமியார் முன்னால் நிறுத்திவைத்தார். ஆரத்தித் தட்டோடு முன்வரிசையில் நிற்பது யார் என்று பார்த்தேன். என் மகள்.

முந்தின நாள் நான் யோசித்ததில் முள் இருந்தது, சகலை இருந்தான், மாமனார் முகம் இருந்தது. கீழே நிற்கிற தலைகள் இல்லை. இப்போது தலைகள் மட்டும்தான் தெரிந்தன. அவன் நகப்பாலிஷ் வைத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, பைக்குள் கையை விட்டான்.

"அத்தப் போடாத!"

நான் பேசினாலே சண்டை மாதிரி இருக்கும் என்று சொன்னேன். கத்தினால் எப்படி இருக்கும்? நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"இன்னா மாப்ளே?" என்றார் மாமனார், கழுத்தில் மாலையோடு.

"பேட்டரி ஊதிக்கீது மாமா. அத்தப் போட்டா வியுந்துடும். பத்திக்கினாலும் பத்திக்கும்."

சகலை மெதுவாக அதை வெளியே எடுத்து மணமேடைப் பக்கத்து டேபிளில் வைத்தான். அத்தனை பேருக்கும் நடுவில் அது ஆடியது. யாரும் ஒன்றும் விளக்க வேண்டியதே இல்லை. என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து சாயங்காலம் ரொம்ப நேரம் அத்தயே பாத்துக்கினு இருந்தீங்களே. தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

குரலை உயர்த்தாவிட்டால் என்ன, முன்வரிசை முழுக்கக் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டான்.

"வுடு அண்ணி. அண்ணனுக்கு அறுப்பு வேல. கவனிச்சிருக்க மாட்டாரு. இப்ப ஞாபகம் வந்து சொன்னாரே, அதுவே பெருசு."

சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். எவ்வளவு பெருந்தன்மை! விழப்போனதைக் காப்பாற்றியது நான். நல்ல பேர் அவனுக்கு. மாமனார் என் பக்கம் பார்க்காமல், "சரி, போனுலயே எடுங்கப்பா" என்றார். மாலை மாற்றலை யாரோ நாலு பேர் போனில் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

சகலை நல்ல பேட்டரியை மைக்செட்காரரின் பலகையில் சார்ஜுக்குச் செருகிவிட்டு, ஊதியதைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனான். நானும் பின்னாலேயே போனேன். வீடு கட்டி மீந்த மணலில் குழி பறித்து அதை உள்ளே வைத்து மூடினான். அப்புறம் குழாயடியில் கை கழுவினான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எப்படியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் வாரத்துல கெட்டுப்போச்சு சகல. சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவன் கையை உதறினான். சிரித்தான்.

"உன் வாரத்துல கெடல அண்ணே. போன ஞாயித்துக்கெழமயே அது ஊதித்தான் இருந்துச்சு."

"டீக்கடைல குடுத்தியே, அப்பவா?"

"அப்பவேதான்."

"தெரிஞ்சேவா குடுத்த?"

"நீ மட்டும் தெரியாமலா குடுத்த?"

குழாயை மூடாமல் நின்றோம். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவாரமாக அவனும் பயந்துகொண்டுதான் இருந்தானாம், நான் அதைப் பறக்கவிட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று. ஆனால் போன் பண்ணிச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைப் போடுவதாக இல்லையாம். கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டி, "அண்ணன் வூட்ல இருந்து இப்படித்தான் வந்துச்சு" என்று சொல்வதற்குத்தான் பைக்குள் கையை விட்டானாம். நான் கத்தியதால் அவனுக்கு அந்த வேலை மிச்சம்.

"ஏன்டா?" என்றேன். அவனை அதுவரை டா போட்டதில்லை.

"உன் கைல கெட்டுப்போச்சுன்னா மாமா ட்ரோன என்னாண்டயே வெச்சிக்கச் சொல்லுவாருன்னுதான்." அவன் இப்போது சிரிக்கவில்லை. "நீ மூத்த மாப்ள. இந்த வூட்ல எந்த விசேஷம்னாலும் பந்தில மொத எல உனக்கு. நான் எத்தினி தபா வந்து போனாலும், கட வேலய வுட்டுட்டு வந்து ஒயச்சாலும், ரெண்டாவது எலதான். எனக்கு இந்த ட்ரோன் ஒண்ணுதான் அண்ணே கீது."

முதல் இலையா? அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அது இலையாகவே தெரிந்ததில்லை. அதைப் பார்த்து ஒருவன் இத்தனை வருடம் வயிறெரிந்திருக்கிறான். உனக்கா பொறாமை, உனக்கு என்னடா குறை என்று கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவன்மேல் பொறாமைப்படுகிற வேலை என்னுடையது. அதையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்றேன் இரு," என்றேன்.

"சொல்லு. நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள். இரண்டு பேருக்கும் தெரியும்.

வாசல் பக்கமிருந்து பந்திக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "பேட்டரி பாதி ஏறியிருக்கும். ஆத்தங்கரயும் வூட்ட சுத்தியும் இன்னும் எடுக்கல. மச்சான் கேட்டாரு. நீ ஓட்டு."

அது வாயை அடைக்கத் தருகிற கூலி. எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாத அளவுக்கு எனக்கு ஆசை இருந்தது. ரிமோட்டை வாங்கிக்கொண்டேன்.

இறக்கைகளை விரலால் தடவிப் பார்த்தேன். கேமரா மூடியைக் கழற்றினேன். வீட்டுக்கு எதிரே இருந்த வெட்டவெளியில் வைத்து ஏற்றினேன். ட்ரோன் ஆடாமல் மேலே போனது. தென்னையைத் தாண்டியது. செய்யாற்று மணல் வெள்ளையாகத் தெரிந்தது. முதல்முறையாக என் கையில் அது சொன்ன பேச்சைக் கேட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பந்தலில் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காலி நாற்காலிகள். மொத்த ஜனமும் வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பில் சாப்பிட உட்கார்ந்திருந்தது.

ஏழு நிமிடம் பறக்கவிட்டேன். ஆற்றை எடுத்தேன், வீட்டைச் சுற்றி எடுத்தேன். பேட்டரி விளக்கு ஒன்றுக்கு வந்ததும் பத்திரமாக இறக்கினேன். முள்ளில் விடவில்லை. அதைச் சொல்ல ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்துதான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. அவன் எடுத்ததைவிட ஆடாமல் வந்திருக்கிறது. வீட்டைச் சுற்றுகிற இடத்தில் மாந்தோப்பு வருகிறது. மரங்களுக்கு நடுவே பந்தி நீளமாகத் தெரிகிறது. வரிசையின் தலைப்பில் முதல் இலைக்கு முன்னால் யாரும் இல்லை. மாமனார் அங்கே நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறார். என்னைத்தான் தேடியிருப்பார். அதன் பிறகு சாம்பார் வாளியோடு வந்த சகலையின் கையிலிருந்து வாளியை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுக்கிறார். தோளைப் பிடித்து அழுத்தி அவனை அந்த இலையில் உட்காரவைக்கிறார். அவன் எழப் பார்க்கிறான். அவர் மறுபடி அழுத்துகிறார். ட்ரோன் அதற்குள் திரும்பிவிடுகிறது.

அந்த இடத்தை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மச்சான் புது பேட்டரி அனுப்பிவிட்டான். எனக்கும் சகலைக்கும் ஆளுக்கு ஒன்று. இப்போது பாதி சார்ஜில்தான் கைமாற்றிக்கொள்கிறோம். "மச்சான், நீங்க எடுத்த ஆத்தங்கர வீடியோ இன்னும் வரலியே" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். நெட் சரியில்லை என்று சொன்னேன். நெட் நன்றாகத்தான் இருக்கிறது. அனுப்பினால் மச்சான் பார்ப்பான். குழுவில் போடுவான். என் மனைவி பார்ப்பாள். மாப்பிள்ளை முறையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அந்தக் குடும்பமே மேலேயிருந்து பார்க்கும். நான் எடுத்ததிலேயே நல்ல வீடியோ அதுதான். அழிக்கவும் மனம் வரவில்லை.